‘லுக் ஃபார்வர்ட் டு’ எழுதினால் அடுத்து ஹியரா, ஹியரிங்கா?

மடல்காரர்:

நண்பர் ஒருவர் வேலைக்கு விண்ணப்பிக்கிறார். கடிதத்தைப் பார்த்துத் தரச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது, கடைசி வரியில் மட்டும் ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ’ என்று இருந்தது. ‘ஹியர்’ என்பதை ‘ஹியரிங்’ என்று மாற்றிக் கொடுத்தேன். அவர் விடவில்லை. “டு போட்டால் பின்னால் வெறும் வினைச்சொல்தானே வர வேண்டும், டு கோ, டு ஈட், டு ரைட் என்றுதானே பள்ளிக்கூடத்திலிருந்து படித்து வருகிறோம், டு ஹியரிங் என்று எப்படி வரும்?” என்கிறார். கேள்வி நியாயமானதுதான். ஹியரிங் என்பதே சரி என்று எனக்கு உறுதியாகத் தெரியும், ஆனால் “அதுதான் வழக்கம்” என்று சொன்னால் அவர் கேட்கமாட்டார். எழுத்துப்பிழை காட்டும் மென்பொருளும் கோடு போடவில்லை. காரணத்தோடு விளக்க முடிந்தவர்கள் சொல்லுங்கள், அப்படியே அவருக்கு அனுப்பிவிடுகிறேன்.

தேன்சிட்டு:

ஹியரிங். சந்தேகமே வேண்டாம். ‘ஹியர்’ என்றால் தவறு. ஏன் என்று விளக்க என்னைவிடத் தெரிந்தவர்கள் வருவார்கள்.

எழுத்தாணி:

மடல்காரர், உங்கள் நண்பர் கேட்டது நல்ல கேள்வி. அவர் படித்த விதியில் பிழை இல்லை, அந்த விதி எந்த ‘டு’வுக்கு உரியது என்பதைத்தான் யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆங்கிலத்தில் ‘டு’ இரண்டு வேலை செய்கிறது, ஒரே சீருடை போட்ட இரண்டு ஆட்கள் மாதிரி. ஒன்று வினைச்சொல்லோடு ஒட்டி வருவது: ஐ வான்ட் டு கோ, ஐ ஹோப் டு மீட் யூ. இன்னொன்று நம் வேற்றுமை உருபு செய்கிற வேலையைச் செய்வது: ஐ வென்ட் டு தி ஆபீஸ், ஐ ஸ்போக் டு ஹர். இந்த இரண்டாவது ‘டு’வுக்குப் பின்னால் பெயர்ச்சொல்தான் வரலாம். வினையைக் கொண்டுவந்து வைக்க வேண்டுமென்றால் அதைப் பெயராக மாற்றித்தான் வைக்க வேண்டும். ‘இங்’ சேர்ப்பது அதற்காகத்தான்.

‘லுக் ஃபார்வர்ட் டு’வில் இருப்பது இந்த இரண்டாவது ஆள். அந்த ‘டு’ முன்னால் இருக்கும் லுக் ஃபார்வர்டோடு சேர்ந்தது, பின்னால் வரும் ஹியரோடு அதற்கு ஒட்டுறவே கிடையாது. நண்பர் ‘டு ஹியர்’ என்று ஒரே மூச்சில் படிக்கிறார், அங்கேதான் சிக்கல். ‘லுக் ஃபார்வர்ட் டு’ என்று நிறுத்திவிட்டு அதன் பிறகு என்ன என்று கேட்கச் சொல்லுங்கள்.

இது எந்த ‘டு’ என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பின்னால் ‘இட்’ போட்டுப் பாருங்கள். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்’, முழு வாக்கியமாக நிற்கிறது. ‘ஐ வான்ட் டு இட்’, நிற்கவில்லை, யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். ‘இட்’ நிற்கும் இடத்தில் பெயர் நிற்கும், அதனால் ‘யுவர் ரிப்ளை’ நிற்கும், ‘தி மீட்டிங்’ நிற்கும், ‘ஹியரிங் ஃப்ரம் யூ’வும் நிற்கும்.

இன்னும் நெருக்கமான விளக்கம் தமிழிலேயே இருக்கிறது. ‘உங்களைச் சந்திக்க விரும்புகிறேன்’ என்கிறோம். ஆனால் ‘உங்களைச் சந்திக்க எதிர்நோக்குகிறேன்’ என்றால் காது ஒப்புகிறதா? ‘சந்திப்பதை எதிர்நோக்குகிறேன்’ என்றுதானே வருகிறது. விரும்பு என்ற வினை ‘சந்திக்க’ என்ற எச்சத்தை ஏற்றுக்கொள்கிறது. எதிர்நோக்கு என்ற வினை எதையாவது எதிர்நோக்க வேண்டும், அந்த ‘ஐ’ உருபு ஒட்டுவதற்கு ஒரு பெயர் வேண்டும், அதனால் ‘சந்திப்பது’ என்ற தொழிற்பெயர் வந்து நிற்கிறது. ‘சந்திக்கவை’ என்று எவரும் சொல்வதில்லை. ஆங்கிலத்திலும் நடப்பது இதேதான்: மீட்டிங் என்பது சந்திப்பது, டு மீட் என்பது சந்திக்க. நண்பருக்கு இந்த ஒன்றைச் சொன்னாலே போதும் என்று நினைக்கிறேன், மற்ற விதிகளெல்லாம் இதற்குப் பிறகு தானாகப் புரியும்.

மடல்காரர்:

அருமை. சந்திக்க, சந்திப்பதை என்ற விளக்கத்தை அப்படியே அவருக்கு அனுப்பிவிட்டேன். “சரி, ஏற்றுக்கொள்கிறேன்” என்று பதில் வந்துவிட்டது.

இரவுப்பணி:

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. தினமும் நூற்றுக்கணக்கான மின்னஞ்சல் பார்க்கிற வேலை எனக்கு, ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ’ என்று பாதிப் பேர் எழுதுகிறார்கள், படிக்கிற எல்லோருக்கும் புரிகிறது, வேலையும் நடக்கிறது. சொல்ல வந்தது புரிந்த பிறகு ஒரு ‘இங்’குக்காக இவ்வளவு பேச வேண்டுமா? மொழி மாறிக்கொண்டேதானே இருக்கிறது?

எழுத்தாணி:

புரியும் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் இது விண்ணப்பக் கடிதம், படிப்பவருக்கு நம்மைத் தெரியாது, அந்த ஒரு பக்கத்தை வைத்துத்தான் நம்மை எடை போடுவார். அதுவும் கடைசி வரி. படித்து முடித்துக் காகிதத்தைக் கீழே வைக்கும்போது அவர் கண்ணில் நிற்கப்போவது அந்த வரிதான். அலுவலகத்துக்குள் உடன் வேலை செய்கிறவருக்கு அவசரமாக அனுப்பும் இரண்டு வரியில் யாரும் இதைப் பிடித்துக்கொண்டு தொங்கமாட்டார்கள், நானும் மாட்டேன்.

மொழி மாறுகிறது, உண்மை. ஆனால் இன்றைக்குப் பத்திரிகையிலோ புத்தகத்திலோ அலுவல் கடிதத்திலோ பிழை திருத்துபவர் யாராக இருந்தாலும் ‘டு ஹியர்’ என்பதை ‘டு ஹியரிங்’ என்றுதான் மாற்றுவார். நாம் எழுதுவது இன்றைய வாசகருக்கு.

பொருள் மாறும் இடமும் ஒன்று உண்டு. ‘ஹி லுக்ட் ஃபார்வர்ட் டு ஸீ ஹூ வாஸ் டிரைவிங்.’ இதில் பிழை எதுவும் இல்லை. பின் இருக்கையில் இருப்பவர் வண்டியை ஓட்டுவது யார் என்று பார்ப்பதற்காகக் கண்ணை முன்பக்கம் திருப்பினார் என்று பொருள். இங்கே லுக் ஃபார்வர்ட் என்றால் நிஜமாகவே முன்னால் பார்ப்பது, ‘டு ஸீ’ என்றால் பார்ப்பதற்காக. எதிர்பார்ப்பு, மகிழ்ச்சி எதுவும் அதில் இல்லை. ‘ஸீ’யை ‘ஸீயிங்’ என்று மாற்றிப் பாருங்கள், ஓட்டுநர் யாரென்று தெரிந்துகொள்ளப்போவதை ஆவலோடு எதிர்நோக்கினார் என்று ஆகிவிடும். மென்பொருள் கோடு போடாமல் விட்டதற்கும் காரணம் இருக்கிறது. எழுத்துப்பிழை மட்டும் பார்க்கிற மென்பொருள் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகத்தான் பார்க்கும், இந்த வரியில் ஒரு சொல்லும் தப்பாக எழுதப்படவில்லையே.

இரவுப்பணி:

சரி, அந்த ஓட்டுநர் உதாரணத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் உங்கள் ‘இட்’ சோதனையில் ஓட்டை இருக்கிறது. ‘ஐ அக்ரீட் டு இட்’ சரியான வாக்கியம். உங்கள் கணக்குப்படி ‘ஐ அக்ரீட் டு கோயிங்’ என்றுதானே வர வேண்டும்? ‘ஐ அக்ரீட் டு கோ’ என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள்.

எழுத்தாணி:

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். அந்தச் சோதனை ஒரு பக்கம்தான் முழு உறுதி தரும். ‘இட்’ நிற்கவே இல்லை என்றால் அங்கே வெறும் வினைதான், அதில் மாற்றம் இல்லை: வான்ட், ஹோப், டிசைட். ‘இட்’ நிற்கிறது என்றால் பெயர் வரலாம் என்றுதான் பொருள், ஒரு சில சொற்கள் இரண்டு விதமான ‘டு’வையும் தனித்தனியாக ஏற்றுக்கொள்கின்றன. அக்ரீ அப்படி ஒன்று. என்டைட்டில்ட் இன்னொன்று: ‘என்டைட்டில்ட் டு எ ரீஃபண்ட்’ என்றும் வரும், ‘என்டைட்டில்ட் டு வோட்’ என்றும் வரும். இவற்றை நல்ல அகராதியில் உதாரண வாக்கியம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், குறுக்கு வழி கிடையாது. எதிர்நோக்குவது என்ற பொருளில் வரும் லுக் ஃபார்வர்டுக்கு அந்த இரட்டை வாழ்க்கை இல்லை. பெயர், இல்லையென்றால் ‘இங்’. வேறு எதுவும் வராது.

பழைய வாத்தியார்:

இரண்டு ‘டு’ என்று எழுத்தாணி சொன்னது இன்றைய ஆங்கிலத்துக்குச் சரி. ஆனால் அவை பிறப்பில் ஒன்றே. பழைய ஆங்கிலத்தில் வினையிலிருந்து செய்த ஒரு பெயர் வடிவம் இருந்தது, அதற்கு வேற்றுமை விகுதியும் உண்டு, அதற்கு முன்னால் இந்த ‘டு’ வந்து ‘செய்வதற்கு’ என்ற பொருள் தந்தது. காலப்போக்கில் விகுதி உதிர்ந்துபோய் ‘டு’ மட்டும் வினைக்கு முன்னால் ஓர் அடையாளமாக நின்றுவிட்டது. அதனால்தான் இரண்டும் எழுத்திலும் உச்சரிப்பிலும் ஒன்றாக இருந்து படிப்பவர்களைக் குழப்புகின்றன.

பழைய ஆங்கில நாவல்கள் படிப்பவர்கள் ‘அக்கஸ்டம்ட் டு வாக்’ போன்ற தொடர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்தில் அது வழக்கம். இன்று ‘அக்கஸ்டம்ட் டு வாக்கிங்’ என்றே எழுதுகிறார்கள். நாவலில் பார்த்தேன், அதனால் சரி என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

வகுப்பில் மாணவர்கள் அதிகம் தடுமாறுவது ‘யூஸ்ட் டு’வில். ‘ஐ யூஸ்ட் டு வர்க் அட் நைட்’ என்றால் முன்பு இரவில் வேலை செய்வேன், இப்போது இல்லை. ‘ஐ ஆம் யூஸ்ட் டு வர்க்கிங் அட் நைட்’ என்றால் இரவில் வேலை செய்வது எனக்குப் பழகிப்போனது. நடுவில் ஓர் ‘ஆம்’ வந்ததும் ‘டு’வின் வேலையே மாறிவிடுகிறது. ஆப்ஜெக்ட் டு, கமிட்டட் டு, டெடிகேட்டட் டு, இன் அடிஷன் டு, வித் எ வ்யூ டு, வென் இட் கம்ஸ் டு, இவையெல்லாம் லுக் ஃபார்வர்டின் கூட்டம். விண்ணப்பத்தில் ‘ஐ ஆம் கமிட்டட் டு லேர்ன்’ என்று எழுதுபவர்கள் நிறையப் பேர். ‘கமிட்டட் டு லேர்னிங்’ என்று எழுதுங்கள்.

தேன்சிட்டு:

‘லுக்கிங் ஃபார்வர்ட் ஃபார் யுவர் ரிப்ளை’ என்று எழுதுபவர்களைப் பற்றி யாருமே சொல்லவில்லையே. வெயிட் ஃபார், ஹோப் ஃபார் இரண்டும் மனதில் இருப்பதால் இங்கேயும் ‘ஃபார்’ வந்து விழுகிறது என்று நினைக்கிறேன். லுக்கிங் ஃபார்வர்ட் என்றால் ‘டு’தான்.

அப்புறம் எனக்கே ஒரு சந்தேகம். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ஜாயினிங் அஸ்’ என்று ஓர் அழைப்பில் பார்த்தேன். யுவரா, யூவா?

பழைய வாத்தியார்:

இரண்டும் சரி. இது நூறு ஆண்டுக்கு மேலாக ஓடுகிற சண்டை. ஆங்கில நடை பற்றி நூல் எழுதிய இங்கிலாந்தின் ஃபௌலர் 1906-லேயே ‘யூ ஜாயினிங்’ மாதிரியான அமைப்புக்கு ‘ஃப்யூஸ்ட் பார்ட்டிசிப்பிள்’ என்று பெயர் வைத்துக் கண்டித்தார். டென்மார்க்கின் மொழியறிஞர் யெஸ்பர்சன் அதை மறுத்து, நல்ல எழுத்தாளர்கள் காலங்காலமாக அப்படி எழுதியிருக்கிறார்கள் என்று எடுத்துக்காட்டினார். இன்று பேச்சிலும் சாதாரண எழுத்திலும் ‘யூ ஜாயினிங் அஸ்’ இயல்பாக இருக்கிறது, முறையான அழைப்பில் ‘யுவர் ஜாயினிங்’ கொஞ்சம் மிடுக்காக இருக்கும். எதை எழுதினாலும் ‘யூ டு ஜாயின்’ என்று மட்டும் எழுதாதீர்கள். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு யூ டு ஜாயின்’ எந்தக் காலத்திலும் ஆங்கிலம் இல்லை.

நிறுத்தற்குறி:

எல்லோரும் ஒரே சொல்லைச் சுற்றி வருகிறீர்கள். நான் பார்த்தவரை ‘ஹியரிங்’ சரியாக எழுதுபவர்கள்கூட வாக்கியத்தைக் கோட்டை விடுகிறார்கள்.

‘ப்ளீஸ் ஃபைண்ட் மை ரெஸ்யூமே அட்டாச்ட், லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ.’ தினமும் பார்க்கிற வரி. இதில் லுக்கிங் ஃபார்வர்ட் யாருடைய செயல்? முன்பகுதி ஒரு வேண்டுகோள், அதன் எழுவாய் சொல்லாமல் நிற்கிற ‘யூ’, அதாவது கடிதத்தைப் படிப்பவர். இலக்கணப்படி பார்த்தால் அவரே ஆவலோடு எதிர்நோக்கிக்கொண்டு விண்ணப்பத்தைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று ஆகிறது. காற்புள்ளியை எடுத்துவிட்டு முற்றுப்புள்ளி வையுங்கள், இரண்டாவது வாக்கியத்துக்கு ‘ஐ’ கொடுங்கள்: ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ.’ தீர்ந்தது.

சிலர் முற்றுப்புள்ளி வைத்துவிட்டு ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ.’ என்று தனி வரியாக விடுகிறார்கள். எழுவாய் இல்லை, முற்றுவினை இல்லை, அதனால் அது வாக்கியமும் இல்லை. தெரிந்தவருக்கு எழுதும் மின்னஞ்சலில் பரவாயில்லை. விண்ணப்பத்தில், புகார்க் கடிதத்தில், அரசு அலுவலகத்துக்கு எழுதுவதில் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

பழைய வாத்தியார்:

நிறுத்தற்குறி சொன்ன அந்த எழுவாய் இல்லாத வரிக்கு ஒரு பூர்வீகம் உண்டு. முந்தைய தலைமுறை ஆங்கிலக் கடிதங்களில் முடிவு இப்படி இருக்கும்: ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை, ஐ ரிமெய்ன், யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’, அதன் கீழே கையெழுத்து. இதில் ‘ஐ ரிமெய்ன்’ என்ற எழுவாயும் வினையும் இருக்கின்றன, லுக்கிங் என்பது அந்த ‘ஐ’யைச் சேர்ந்தது, கையெழுத்து வரை மொத்தமும் ஒரே வாக்கியமாக ஓடி முடியும். ‘ஐ ரிமெய்ன்’ வழக்கொழிந்தது, அதைச் சாய்ந்து நின்ற பகுதி மட்டும் தங்கிவிட்டது. ‘தேங்கிங் யூ’ என்று காற்புள்ளி வைத்து முடிக்கிறார்களே, அதுவும் அதே பரம்பரைதான். அதனால் அதைப் பெரிய குற்றமாக நான் பார்க்கவில்லை, ஆனால் ‘ஐ’ சேர்த்து எழுதுவது இன்று எல்லா இடத்திலும் பொருந்தும் என்பதில் நிறுத்தற்குறியோடு உடன்படுகிறேன்.

இரவுப்பணி:

‘ஐ லுக்’ எழுதுவதா, ‘ஐ ஆம் லுக்கிங்’ எழுதுவதா? சிலர் ‘ஐ ஆம் லுக் ஃபார்வர்ட்’ என்றும் எழுதுகிறார்கள்.

எழுத்தாணி:

மூன்றாவது எங்கேயும் நிற்காது. முதல் இரண்டும் சரி, தொனிதான் வேறு. ‘ஐ லுக் ஃபார்வர்ட்’ கொஞ்சம் விலகி நின்று மரியாதையோடு சொல்வது, அலுவல் கடிதத்துக்கு ஏற்றது. ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட்’ நெருக்கமானது, நண்பரைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் அதைத்தான் எழுத வேண்டும். அங்கே போய் ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு ஸீயிங் யூ’ என்று எழுதினால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி விறைப்பாக இருக்கும்.

‘ஐ வாஸ் லுக்கிங் ஃபார்வர்ட்’ என்று எழுதும்போது மட்டும் கவனம் வேண்டும். ‘ஐ வாஸ் லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ’ என்று எழுதி நிறுத்தினால், நடக்காமல் போய்விட்டதே என்ற ஏமாற்றம் அதில் தொனிக்கும். சந்திப்பு ரத்தானபோது எழுதலாம். சந்திப்பு இனிமேல்தான் என்றால் வேண்டாம்.

தேன்சிட்டு:

‘ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை’ என்று முடிப்பவர்களையும் பார்க்கிறேன். அது சரியா?

எழுத்தாணி:

இலக்கணம் சரி, மரியாதை இடிக்கும். நமக்கு ‘எதிர்பார்க்கிறேன்’ என்ற ஒரே சொல் எல்லாவற்றுக்கும் ஓடுகிறது: விருந்தாளியை எதிர்பார்க்கிறோம், தேர்வில் தோல்வியை எதிர்பார்க்கிறோம், பதிலையும் எதிர்பார்க்கிறோம். ஆங்கிலத்தில் எக்ஸ்பெக்ட் என்றால் நடக்கும் என்று நினைக்கிறேன் என்பதோடு, நடந்தாக வேண்டும் என்ற அதட்டலும் சேர்ந்துகொள்ளும். மேலதிகாரி சொல்லலாம், விண்ணப்பிக்கிறவர் சொல்லக் கூடாது. லுக் ஃபார்வர்டில் மகிழ்ச்சி உண்டு, நடந்தால் சந்தோஷப்படுவேன் என்ற பொருள் உண்டு. அதனாலேயே துக்கச் செய்திக்கோ கெட்ட முடிவுக்கோ அது பொருந்தாது. அறுவை சிகிச்சைக்குப் போகிறவரிடம் ‘ஆர் யூ லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்’ என்று கேட்டுவிடாதீர்கள்.

மடல்காரர்:

நண்பர் இப்போது கடைசிப் பத்தியையே மாற்றி அனுப்பியிருக்கிறார்: ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ அண்ட் டிஸ்கஸ் ஹவ் ஐ கேன் கான்ட்ரிப்யூட். திஸ் இஸ் அன் ஆப்பர்ச்சூனிட்டி ஐ ஹாவ் பீன் லுக்கிங் ஃபார்வர்ட்.’ இரண்டாவது வரி எனக்கு உறுத்துகிறது, சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

நிறுத்தற்குறி:

இரண்டு வரியிலும் திருத்தம் உண்டு. முதல் வரியில் ‘டு’வுக்குக் கட்டுப்பட்டவை இரண்டு செயல்கள், மீட்டிங் போலவே டிஸ்கஸும் ‘டிஸ்கஸிங்’ ஆக வேண்டும். ‘அண்ட்’ வந்ததும் பலர் முதலில் தொடங்கியதை மறந்து வெறும் வினைக்குத் தாவிவிடுகிறார்கள், வாக்கியம் நீளமானால் இது இன்னும் அதிகம். சந்திப்பதையும் பேசுவதையும் என்று இரண்டு ‘ஐ’ உருபு வருகிறதே, அதை நினைத்துக்கொண்டால் போதும்.

இரண்டாவதில் உங்களுக்கு உறுத்தியது ‘டு’ இல்லாதது. ‘ஆப்பர்ச்சூனிட்டி’ முன்னால் போய்விட்டதால் பின்னால் ‘டு’வுக்கு வேலையில்லை என்று நினைத்து விட்டுவிட்டார். வேலை இருக்கிறது. ‘ஐ ஹாவ் பீன் லுக்கிங் ஃபார்வர்ட் டு’ என்று ‘டு’வில் வாக்கியம் முடியட்டும், அதில் தவறே இல்லை. கேள்வியிலும் அப்படித்தான்: ‘வாட் ஆர் யூ லுக்கிங் ஃபார்வர்ட் டு?’

இன்னொன்று. முதல் வரியிலேயே லுக் ஃபார்வர்ட் வந்துவிட்டது, அடுத்த வரியிலும் அதே தொடர் வேண்டாம். ‘வெரி மச்’ சேர்த்து முதல் வரியை அழுத்தமாக்கிக்கொண்டு இரண்டாவதை எடுத்துவிடச் சொல்லுங்கள்: ‘ஐ வெரி மச் லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ அண்ட் டிஸ்கஸிங் ஹவ் ஐ கேன் கான்ட்ரிப்யூட்.’

மடல்காரர்:

மாற்றிவிட்டார். ‘வெரி மச்’ மட்டும் வேண்டாம் என்கிறார், முதல் முறை எழுதுகிறவருக்கு அது அதிகமாகப் படுகிறதாம். எனக்கும் அது சரியென்றே தோன்றியது. இன்றைக்கே அனுப்புகிறார்.

நிறுத்தற்குறி:

அதுவும் நல்லதுதான். அனுப்புவதற்கு முன் ‘டிஸ்கஸ் அபௌட்’ என்று வேறு எங்காவது எழுதியிருக்கிறாரா என்று ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள். டிஸ்கஸுக்கு ‘அபௌட்’ தேவையில்லை. அது தனியாகப் பேச வேண்டிய விஷயம், வேண்டுமானால் புதிய இழை தொடங்குங்கள்.